பிள்ளைச்சாவடிப் பானையில் ஊறிய பேரீச்சம்பழம்

சாயங்கால மஃரிப் பாங்கு சொல்லி முடிந்து இரண்டு நிமிடம்கூட ஆகியிருக்காது. என் கணவரின் அண்ணன் காதர் மச்சான், கையிலிருந்த கண்ணாடி டம்ளரைச் சாப்பாட்டு விரிப்பின் மேல் டக்கென்று வைத்தார்.

"இது கள்ளு" என்றார்.

கூடத்தில் பத்துப் பேர் நோன்பு திறக்க உட்கார்ந்திருந்தார்கள். அவர் நாக்கை ஒருமுறை மேலண்ணத்தில் தட்டிப் பார்த்துவிட்டு, சந்தேகத்துக்கு இடம் வைக்காமல் சொன்னார்.

"பனங்கள்ளு கூட இல்ல. தென்னங்கள்ளு."

அவர் டம்ளரில் கால்வாசிதான் மிச்சமிருந்தது.

என் மகள் நஸ்ரினைக் கட்டிக்கொள்ளப்போகும் மாப்பிள்ளை வீட்டார் எங்கள் வீட்டுக்கு இஃப்தாருக்கு வந்த முதல் நாள் அது. பெருநாள் முடிந்து நிக்காஹ் என்று பேசி வைத்திருந்தோம். மாப்பிள்ளையின் தாயார் மைமூன், வாயைப் பொத்திக்கொண்டு எழுந்து வாஷ்பேசினுக்கு ஓடினார். மாப்பிள்ளை சமோசாவைக் கையில் வைத்துக்கொண்டு அதைக் கீழே வைப்பதா தின்பதா என்று தெரியாமல் உட்கார்ந்திருந்தார். என் கணவர் தட்டைப் பார்த்தார். எப்போதும் அவர் தட்டைத்தான் பார்ப்பார்.

நான் நோன்புக் கஞ்சி மொள்ளும் கரண்டியோடு நின்றுகொண்டிருந்தேன். அந்த டம்ளர்களில் இருந்ததை ஊற வைத்தவளும் நான், பிசைந்தவளும் நான், வடிகட்டியவளும் நான். ஒரு சொட்டுகூட என் வாயில் பட்டிருக்கவில்லை. சமைக்கிறவள் ஒரு பேரீச்சம்பழத்தைக் கடித்து நோன்பு திறந்துவிட்டுப் பரிமாறப் போய்விடுவாள், அவள் குடிக்க உட்காருவது கடைசியில்தானே.

இது நடந்து நான்கைந்து வருடம் ஆகியிருக்கும். எழுதும்போது இப்போதும் காது சூடாகிறது. இந்தத் தொடரில் கோபம் அதிகமாக இருக்கிறது, கொஞ்சம் குளிர்ச்சியாக ஏதாவது எழுதுங்கள் என்று போன வாரம் ஒரு வாசகி கேட்டிருந்தார். சரி அம்மா, இந்த வாரம் ஒரு பானத்தைப் பற்றித்தான் எழுதுகிறேன்.

புளிப்புக்குப் பிறந்த நாக்கு

நபீது என்பது பெரிய வித்தை ஒன்றும் இல்லை. பேரீச்சம்பழத்தைக் கொட்டை எடுத்து, ஒரு கை உலர்திராட்சை சேர்த்து, தண்ணீரில் ஊற வைக்க வேண்டும். மறுநாள் கையால் பிசைந்து வடிகட்டிக் குடிக்க வேண்டும். நபியவர்கள் அருந்தியது என்பதால் எங்களுக்கு அதன்மேல் தனி மரியாதை. ஆனால் அதற்கு ஒரு எல்லை உண்டு. இன்று போட்டால் நாளை குடிக்கலாம். மூன்றாம் நாளைத் தாண்டக் கூடாது. தாண்டினால் குமிழி விடும், வாடை மாறும், போதை ஏறிவிடும். ஏறியது எங்களுக்கு ஆகாது.

நான் இதைத் தேடிப் போனதற்குக் காரணம் என் கணவரின் சர்க்கரை நோய். நோன்பு திறக்கச் சிவப்பு சர்பத் கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். பேரீச்சம்பழமும் இனிப்புத்தான் என்றாலும் அளவாகக் குடிக்கலாம் என்றார். எனக்கும் அந்தச் சிவப்புச் சாயம் எப்போதும் பிடித்ததில்லை. என் நாக்கு புளிப்புக்குப் பிறந்தது. நீராகாரம், கேழ்வரகுக் கூழ், இரண்டு நாள் மோர், இவையெல்லாம் இருந்தால் எனக்குக் குழம்பே வேண்டாம்.

நீராகாரம் என்றதும் இன்னொரு எரிச்சல் நினைவுக்கு வருகிறது. கடற்கரைப் பக்கம், வெள்ளைச் சுவரும் காகிதப்பூவுமாக இருக்கும் தெருக்களில் ஒரு கஃபே. நஸ்ரின் முதல் சம்பளத்தில் என்னை அங்கே கூட்டிக்கொண்டு போனாள். அங்கே நீளமான கண்ணாடி டம்ளரில், ஸ்ட்ரா போட்டு, மேலே ஒரு கறிவேப்பிலைக் கொத்து செருகி நீராகாரம் கொடுத்தார்கள். விலையைச் சொல்லமாட்டேன், சொன்னால் உங்களுக்கும் வயிறு எரியும். பரிமாறிய பையன் நீராகாரம் என்றால் என்ன என்று எனக்கு விளக்கினான். அதுவும் இங்கிலீஷில். நேற்றைய சோற்றில் ஊற்றிய தண்ணீர் தம்பி, எனக்குத் தெரியும் என்றேன். அவன் மரியாதையாகச் சிரித்தான்.

அன்று முடிவு செய்தேன், ஊற வைத்துக் குடிப்பது எதுவானாலும் இனி என் வீட்டில்தான் என்று. பள்ளிவாசலில் பெண்களுக்கு நடக்கும் வகுப்பில் நபீதின் செய்முறையைக் கேட்டுக்கொண்டு வந்தது அதற்குப் பிறகுதான்.

சோப்பு காட்டக் கூடாத பானை

முதலில் எவர்சில்வர் பாத்திரத்தில் ஊற வைத்தேன். சப்பென்று இருந்தது. கண்ணாடி ஜாடியில் வைத்தால் இந்த ஊர் வெயிலுக்கு வெந்நீராகிவிட்டது. மண்பானையில் வைத்துப் பார்த்த அன்றுதான், தண்ணீர் சில்லென்று, பழத்தின் மணம் கெடாமல், தொண்டையில் இதமாக இறங்கியது. ஆனால் கடையில் வாங்கிய அந்தப் புதுப்பானை ஒரு வாரத்தில் கசிய ஆரம்பித்து, பிறகு விரிசலே விட்டுவிட்டது.

புதுப்பானையை அப்படியே புழங்க முடியாது. அரிசி களைந்த தண்ணீரை ஊற்றி ஊற்றி, மண்வாடை போகிறவரை நாள்கணக்கில் வைத்திருக்க வேண்டும். நோன்பு பாதி முடிந்துவிட்டது. ஞாயிற்றுக்கிழமை சம்பந்தி வீட்டார் வருகிறார்கள். எனக்கு நாள் இல்லை.

எங்கள் வீட்டுக்கு மீன் கொண்டுவருகிறவள் தனம். பிள்ளைச்சாவடி மீனவர் குப்பத்துக்காரி. ஷேர் ஆட்டோவில் கூடையோடு வந்து இறங்குவாள். நோன்பு மாதத்தில் எங்களுக்காகப் பிற்பகலில் வருவாள். அவளிடம் புலம்பினேன்.

"எங்க வூட்ல பழைய பானை சும்மாதான் கெடக்கு பாயம்மா. கல்லு மாதிரி இருக்கும், ஒரு சொட்டு ஒழுவாது. எடுத்தாரேன்" என்றாள்.

மறுநாள் கொண்டுவந்தாள். குறுகிய வாய், கறுத்த வயிறு, தட்டினால் கணீரென்று சத்தம். முகர்ந்து பார்த்தேன். பரணில் கிடந்த தூசி வாடையைத் தவிர ஒன்றுமில்லை. தேங்காய் நாரால் உள்ளும் புறமும் தேய்த்து, பச்சைத் தண்ணீரில் நாலு முறை அலசி, ஒரு நாள் முழுக்க வெயிலில் கவிழ்த்து வைத்தேன்.

சோப்பு போடவில்லை. மண்பானைக்குச் சோப்பு காட்டவே கூடாது. மண் அதைக் குடித்துவிட்டு ஒவ்வொரு டம்ளரிலும் திருப்பிக் கொடுக்கும். இது மண்பானை புழங்குகிற எல்லாப் பெண்களுக்கும் தெரியும். சோப்பைக் குடிக்கிற மண் வேறு எதையெல்லாம் குடித்து வைத்திருக்கும் என்று நான் யோசிக்கவில்லை. இதில் இதற்கு முன்னால் என்ன வைத்திருந்தாய் என்று தனத்தை ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. எதற்குப் பானை என்று அவளிடம் சொல்லவும் இல்லை.

சனிக்கிழமை பிற்பகல் அசர் தொழுகை முடிந்து பழத்தை ஊறப்போட்டேன். ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் திறந்தால் மேலே நுரை. பேரீச்சம்பழத்தைப் பிசைந்தாலே நுரை கட்டும், அதனால் அகப்பையால் வழித்துப் போட்டுவிட்டேன். கொஞ்சம் புளிப்பு வாடை அடித்தது. திராட்சை புளிப்பு ரகம் போலிருக்கிறது என்று நினைத்தேன்.

வேறு எந்த நாளாக இருந்தாலும் ஒரு வாய் குடித்துப் பார்த்திருப்பேன். அன்று எனக்கு நோன்பு. என் கணவருக்கு நோன்பு, மகளுக்கு நோன்பு, பக்கத்து வீட்டுப் பெண்களுக்கு நோன்பு. எங்கள் தெருவில் ருசி பார்த்துச் சொல்ல ஒரு நாக்கு கிடையாது. இந்தத் தவறு எங்களைப் போன்றவர்களுக்கு மட்டும்தான் வரும்.

டம்ளரை வைத்த பிறகு

கூடத்துக்கு வருகிறேன்.

என் கணவர் பள்ளிவாசல் ஹஜ்ரத்துக்குப் போன் போட்டார். எல்லோரும் கேட்கும்படி ஸ்பீக்கரில் வைத்தார். ஹஜ்ரத் அமைதியானவர். இரண்டே வார்த்தைதான் சொன்னார்.

"தெரியாமக் குடிச்சதுக்குக் குத்தமில்ல. வாயை நல்லாக் கொப்புளிச்சிட்டுத் தொழுங்க, மீதியக் கொட்டிடுங்க."

அவ்வளவுதான், அதோடு முடிந்திருக்க வேண்டிய விஷயம். காதர் மச்சான் விடவில்லை. அவர் பள்ளிவாசல் ஜமாத்தில் பொறுப்பில் இருப்பவர். வீட்டிலும் எல்லாப் பொறுப்பும் தன்னுடையது என்று நினைப்பவர்.

"எத்தினி நாளு ஊற வச்ச, உண்மையச் சொல்லு ஜமீலா."

"நேத்து அசருக்குத்தான் போட்டேன் மச்சான்."

"ஒரே நாள்ல இப்டி ஏறுமா? யாருகிட்டக் கதை சொல்ற? நாலு நாளாவது ஊறியிருக்கும். ருசிக்கு ஆசப்பட்டு வச்சிருந்திருக்க."

ஒரு நாளில் எவ்வளவு ஏறும், நாலு நாளில் எவ்வளவு ஏறும் என்ற கணக்கு அவருக்கு எப்படித் தெரியும் என்று அந்தக் கூடத்தில் யாரும் கேட்கவில்லை. எனக்கும் தோன்றவில்லை. குற்றம் சாட்டப்பட்டவளுக்கு மூளை வேலை செய்யாது என்பதை அன்று தெரிந்துகொண்டேன்.

மைமூன் என் அறையில் தொழுதுவிட்டு வந்தார். பிரியாணி சூடாக இருந்தது. சாப்பிட்டுவிட்டுப் போங்கள் என்றேன். "வயிறு சரியில்ல ஜமீலா" என்று சொல்லிவிட்டுச் செருப்பைப் போட்டுக்கொண்டார். என் முகத்தைப் பார்க்கவில்லை.

மறுநாள் தெருவே பேசியது. இரண்டு நாளில் என் பானை அண்டாவாகிவிட்டது. நாலாவது நாள், ஜமீலா வீட்டில் காய்ச்சுகிறார்களாம் என்று ஒருத்தி என் தங்கையிடமே சொல்லியிருக்கிறாள். எதிர்வீட்டு அம்மாவை எல்லோரும் மதாம் என்போம், கிறிஸ்துமஸுக்குத் திராட்சை ஒயின் போடுகிறவர். ஒயின் சேர்க்காத கேக்கை எனக்கென்று தனியாகச் செய்து அனுப்புகிற நல்ல மனுஷி. அவர் மட்டும்தான் நேராக என்னிடம் கேட்டார். "எங்களுக்கு ஒரு மாசத்துக்கு மேல ஆவுதே ஜமீலா, நீ எப்டி ஒரே நாள்ல?" அவர் கிண்டலாகக் கேட்டார் என்று எனக்குப் புரிந்தது. இருந்தாலும் கதவைச் சாத்திக்கொண்டு அழுதேன்.

எனக்குப் பொறுக்க முடியாதது எது தெரியுமா? இந்த ஊரில் சாராயக்கடையைச் சொல்லாமல் ஒரு விலாசம் சொல்ல முடியாது. கூரியர்காரனுக்கு எங்கள் வீட்டுக்கு வழி சொல்வதே "ஒயின்ஷாப்புக்கு எதிர்ச் சந்து" என்றுதான். காலையில் ஆட்டுக்கால் பாயாவில் தோய்த்துத் தின்னும் ரொட்டி இருக்கிறதே, அதற்கு இந்த ஊர் ரொட்டிக்காரர்கள் ஒரு காலத்தில் கள் ஊற்றித்தான் மாவு புளிக்க வைத்தார்கள் என்று கேள்வி. அதைத் தின்ற யாரையும் யாரும் கூப்பிட்டு விசாரித்ததாகத் தெரியவில்லை.

இன்னொன்றும் இருக்கிறது. தட்டாஞ்சாவடியில் காதர் மச்சானும் என் கணவரும் சேர்ந்து ஒரு பட்டறை நடத்துகிறார்கள். அட்டைப்பெட்டி செய்கிறார்கள். பெட்டிக்குள் பன்னிரண்டு பாட்டில் நிற்க அட்டையாலேயே தடுப்பு வைத்த பெட்டி. சேதராப்பட்டுப் பக்கம் ஒரு கம்பெனிக்குப் போகிறது. வீட்டில் அதற்கு சோடாப் பெட்டி என்று பெயர். எந்த சோடா என்று நான் கேட்டதில்லை. அந்தப் பெட்டியில் வந்த சோற்றைத்தான் நானும் இத்தனை வருடம் தின்றேன் என்பதால், இதில் என் வாயும் சுத்தமில்லை. ஆனாலும் பெட்டி செய்கிறவர் பானை வைத்தவளை நிறுத்தி வைத்துக் கேள்வி கேட்டார் பாருங்கள், அதுதான் நெஞ்சை அறுத்தது.

ஒரே ஒரு வார்த்தை

அந்த வாரக் கடைசியில் காதர் மச்சான் சமாதானத்தோடு வந்தார். மைமூன் வீட்டில் பேசிவிட்டாராம். பெருநாளுக்கு முன்னால் எல்லோரும் தன் வீட்டில் உட்கார்ந்து பேசி முடிக்க வேண்டும். ஹஜ்ரத்தும் ஜமாத்துப் பெரியவர்கள் இரண்டு பேரும் வருவார்கள். அவர்களுக்கு முன்னால் நான் ஒரு வார்த்தை சொல்ல வேண்டும்.

"நாள் தாண்டிப் போச்சு, தெரிஞ்சும் வச்சிட்டேன், இனிமே செய்ய மாட்டேன்னு சொல்லிடு. முடிஞ்சிது. நிக்காஹ் நடக்கும்."

"நாள் தாண்டலையே மச்சான்."

"சொல்லலைன்னா அவங்க வேற எடம் பாக்குறாங்க. உன் பொண்ணு, உன் இஷ்டம்."

அவர் போன பிறகு என் கணவர் தட்டைப் பார்த்தபடி, "சொல்லிட்டாத்தான் என்ன" என்றார்.

என்னவா? நோன்பு மாதத்தில், ஹஜ்ரத்துக்கு முன்னால், பொய் சொல்லச் சொல்கிறார்கள். அதுவும் எப்படிப்பட்ட பொய்? பகலெல்லாம் தண்ணீர்கூடக் குடிக்காமல் இருந்த பத்துப் பேருக்கு, அவர்கள் நோன்பு திறக்கும் முதல் மடக்காக, தெரிந்தே கள்ளைக் கொடுத்தேன் என்று சொல்ல வேண்டும். என்னைத் திருடி என்று சொல்லியிருந்தால்கூட இவ்வளவு வலித்திருக்காது.

இத்தனையும் என் கணவரிடம் கத்தினேன். நஸ்ரின் வாசற்படியில் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள். அவளுக்கு அந்தப் பையனைப் பிடித்திருந்தது. எனக்கும் தெரியும்.

"எனக்காகச் சொல்லிடேன் உம்மா" என்றாள்.

கத்துவதை நிறுத்திவிட்டு அடுப்படிக்குப் போனேன்.

அடுத்த நாள் தனம் வந்தாள். கொல்லையில் கவிழ்த்து வைத்திருந்த பானையை எடுத்துக்கொண்டு வந்து அவள் முன்னால் வைத்தேன். இதில் முன்னால் என்ன வைத்திருந்தாய் என்று, பத்து நாள் தாமதமாக, கேட்டேன்.

"கள்ளு எறக்கி வைக்கிற பானைதான் பாயம்மா. எங்க வூட்டுக்காரரு தென்னந்தோப்புல மரம் ஏறிக்கினு இருந்தாரு. போன வருசம் வுழுந்து கால் ஒடஞ்சதுலேர்ந்து ஏறுறதில்ல. ஜோடியா ரெண்டு பானை பரண்ல கெடந்துச்சு, அதுல ஒன்னு இது. ஏன், ஒழுவுதா?"

நடந்ததைச் சொன்னேன். தலையில் கை வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள்.

"ஐயையோ, தண்ணி வச்சிக்கத்தான் கேக்குறீங்கன்னு நெனச்சேன். இனிப்பா எதாவது ஊத்துனா அதுல வுடியறதுக்குள்ள பொங்கிடுமே. நான் வந்து சொல்றேன் பாயம்மா. யாருகிட்ட வேணும்னாலும் சொல்றேன்."

என் கணவர் அண்ணனிடம் போய் இதைச் சொன்னார். பதில் சாயங்காலமே வந்தது. "மீன்காரி வந்து சாட்சி சொல்லி ஜமாத்து கேக்கணுமா? அவகிட்ட மீன் வாங்குறவ ஜமீலா. அவ வேற எப்டிச் சொல்லுவா?"

தனத்தின் வார்த்தையும் செல்லாது, என் வார்த்தையும் செல்லாது. வாரத்தில் மூன்று நாள் அவள் கூடையிலிருந்து அவர் வீட்டுக்கும் மீன் போகிறது, அது மட்டும் செல்லும்.

காதர் மச்சான் வீட்டுக் கூடம்

அசர் தொழுகை முடிந்து எல்லோரும் வந்துவிட்டார்கள். கூடத்தில் ஆண்கள். திறந்திருந்த உள்ளறைக் கதவை ஒட்டி மைமூன், நான், நஸ்ரின். நஸ்ரின் ஒரு பெரிய ஒயர் கூடையைத் துண்டு போட்டு மூடித் தூக்கிக்கொண்டு வந்திருந்தாள். இஃப்தாருக்கு ஏதோ செய்து எடுத்து வருகிறாள் என்று நினைத்தேன். கேட்கிற மனநிலையில் நான் இல்லை.

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். அந்த வாசலைத் தாண்டும்போது நான் பொய் சொல்லத் தயாராகத்தான் இருந்தேன். இரண்டு நாளாக என் மகள் என்னோடு சரியாகப் பேசவில்லை. அதைவிட அந்தப் பொய் பெரிதாகத் தெரியவில்லை.

"சொல்லு ஜமீலா" என்றார் காதர் மச்சான்.

வாயைத் திறந்தேன்.

"ஒரு நிமிஷம் பெரிய வாப்பா" என்று நஸ்ரின் எழுந்தாள். கூடையைக் கூடத்து வாசலில் வைத்துத் துண்டை எடுத்தாள். உள்ளே ஒரு மண்பானை, பக்கத்தில் ஒரு எவர்சில்வர் தூக்கு. பானை எங்களுடையது இல்லை, அதன் ஜோடி.

"இது தனம் அக்கா வூட்டுப் பரண்ல கெடந்த இன்னொரு பானை. நானே போய் எடுத்துட்டு வந்தேன். எங்க உம்மா கழுவுன மாதிரியே நாரால தேச்சுக் கழுவி வெயில்ல வச்சேன். நேத்து அசருக்கு ரெண்டுலயும் ஒரே சர்க்கரத் தண்ணிய ஊத்துனேன். பேரீச்சம்பழம் இல்ல, திராட்சை இல்ல, வெறும் சர்க்கரைதான்."

அவள் சேதராப்பட்டில் ஒரு மருந்துக் கம்பெனியின் பரிசோதனைக்கூடத்தில் வேலை பார்க்கிறாள். பேசும்போது குரல் அந்த வேலைக்குரிய குரலாகிவிட்டது. தூக்கின் மூடியைத் திறந்தாள். தண்ணீர் தண்ணீராகவே இருந்தது. பானையின் மேல் வைத்த தட்டை எடுத்தாள். நுரை வாய்வரை ஏறி நின்றது. வாடை கூடம் முழுக்கப் பரவியது. ஜமாத்துப் பெரியவர் ஒருவர் தோள்துண்டால் மூக்கைப் பொத்தினார்.

ஹஜ்ரத் குனிந்து பார்த்துவிட்டு நிமிர்ந்தார்.

"நபியவங்க ஆரம்ப காலத்துல சில பாத்திரத்துல நபீது ஊற வைக்கவே கூடாதுன்னு தடுத்து வச்சிருந்தாங்க, சீக்கிரம் ஏறிடும்னு. அப்புறம்தான் அனுமதி வந்துச்சு. பாத்திரம் வேலை செய்யும். இந்தம்மா மேல குத்தம் சொல்ல முடியாது."

காதர் மச்சானுக்கு முகம் சிவந்துவிட்டது.

"ஹஜ்ரத், சின்னப்புள்ள விளையாட்டெல்லாம் நம்புறதுக்கில்ல. இதுல எதக் கலந்தாளோ. ஒரு நாள் கள்ளு இனிப்பா இருக்கும். அன்னிக்குக் குடிச்சது இனிக்கவேயில்ல. நல்லா முத்துன சரக்கு."

அதுவரை தஸ்பீஹ் மணி உருட்டிக்கொண்டிருந்த மைமூன் தலையை நிமிர்த்தினார்.

"ஒரு நாள் கள்ளு இனிக்குமா?" என்று கேட்டார். தெரியாததைத் தெரிந்துகொள்கிறவர் கேட்பது போலத்தான் கேட்டார்.

காதர் மச்சான் தொப்பியைச் சரிசெய்தார்.

"இல்ல, நாங்களும் ஒரு மடக்கு குடிச்சோம். எங்களுக்குப் பழம் கெட்டுப் போன மாதிரிதான் இருந்துச்சு. நீங்கதான் கள்ளுன்னீங்க. தென்னங்கள்ளுன்னும் சொன்னீங்க. பானை குடுத்தவ புருசன் தென்ன மரம் ஏறுறவராம். சரியாத்தான் சொல்லியிருக்கீங்க."

பெரியவர்கள் இருவரும் மின்விசிறியைப் பார்த்தார்கள். ஹஜ்ரத் இருமினார். என் கணவர் முதல் முறையாகத் தலையைத் தூக்கி அண்ணனைப் பார்த்தார்.

"அது... பெட்டி எடுத்துக்கினு அந்தக் கம்பெனிக்குப் போவ வர இருக்கோம். அங்க வாடை அடிச்சிக்கினேதான் இருக்கும். பழகிப் போச்சு" என்றார் காதர் மச்சான்.

"சோடாக் கம்பெனியிலயா?" என்றார் மைமூன்.

முதலில் சிரித்தவர் நுரை வாடைக்கு மூக்கைப் பொத்திய அந்த வயதான பெரியவர்தான். துண்டை வாயில் வைத்து அடக்கப் பார்த்தார், முடியவில்லை. பிறகு எல்லோரும் சிரித்தார்கள். காதர் மச்சானும் சிரித்து வைத்தார். "சரி சரி, நடந்தது நடந்து போச்சு" என்று நிக்காஹுக்கு நாள் குறிக்கச் சொல்லிவிட்டார். மைமூன் என் பக்கம் திரும்பி என் மடியில் கை வைத்து, "பிரியாணி பாக்கி இருக்கு ஜமீலா" என்றார். அங்கேயே நோன்பு திறந்தோம்.

நான் சிரிக்கவில்லை.

அந்தக் கூடத்தில் ஒருவர்கூட, உன்னைத் தப்பாக நினைத்துவிட்டோம் என்று சொல்லவில்லை. அவர்கள் என்னை விட்டது நான் சொன்னதை நம்பியதால் இல்லை. பானை பொங்கியது, காதர் மச்சான் அகப்பட்டுக்கொண்டார், அதனால் விட்டார்கள். பானை பொங்காமல் இருந்திருந்தால், அவர் நாக்கு கொஞ்சம் கம்மியாகப் பேசியிருந்தால், இன்றைக்கும் நான் இந்த ஊரில் கள் கொடுத்தவள்தான். முப்பது வருடம் அந்தக் குடும்பத்துக்குச் சோறு போட்ட கைக்கு இருந்த மரியாதை அவ்வளவுதான்.

ஆட்டோவில்

என் கணவர் இரவுத் தராவீஹ் தொழுகைக்குப் போய்விட்டார். நானும் நஸ்ரினும் ஆட்டோவில் திரும்பினோம். அவள் காலடியில் காலிப் பானை உருண்டுகொண்டு வந்தது.

"எப்ப செஞ்ச இதெல்லாம்?" என்று கேட்டேன்.

"நேத்து லீவு போட்டேன். மொட்ட மாடியில வச்சிருந்தேன்."

"என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருந்தா நானும் கொஞ்சம் நிம்மதியா இருந்திருப்பேனேம்மா."

அவள் வெளியே பார்த்துக்கொண்டு வந்தாள். சிக்னலில் ஆட்டோ நின்றது. அப்போதுதான் எனக்குப் புரிந்தது. அவள் அந்தப் பானையைப் பெரியவர்களுக்குக் காட்டுவதற்காக முதலில் வைக்கவில்லை. தான் தெரிந்துகொள்வதற்காக வைத்திருக்கிறாள்.

"அப்ப நீயும் என்னை நம்பல."

"நம்பல உம்மா" என்றாள். மழுப்பவில்லை. "உனக்குப் புளிப்புன்னா உசுரு. ரெண்டு நாள் கூட வச்சிருந்திருப்பியோன்னு தோணிச்சு."

எனக்கு வந்த கோபத்தில் ஆட்டோவிலிருந்து இறங்கி நடந்தே போயிருப்பேன். காதர் மச்சான் மேல் வந்ததைவிடப் பெரிய கோபம் அது.

"பொங்காமப் போயிருந்தா? என்ன பண்ணியிருப்ப?"

"உனக்குத் தெரியாமக் கழுவி தனம் அக்காகிட்டக் குடுத்திருப்பேன்" என்றாள். "அப்புறம் அங்க வந்து, அன்னிக்கு ஊறப்போட்டது நான்தான், உம்மாவுக்கு ஒன்னும் தெரியாதுன்னு சொல்லியிருப்பேன்."

"உன் நிக்காஹ் என்ன ஆவும்?"

"அது போவட்டும்னுதான் வந்தேன்."

பச்சை சிக்னல் விழுந்தது. வீடு வருகிறவரை நான் அவளோடு பேசவில்லை. பேசியிருந்தால் கத்தியிருப்பேன். அவள் என் கையைப் பிடித்துக்கொண்டு வந்தாள். நானும் அந்தக் கையை விடவில்லை.